எண்ணூர்ப் பலகையில் எனக்குப் பாதி

எட்டு வருடமாக யூடியூபில் எதிர்க்கருத்துக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒருத்தர் மனதும் மாறியதில்லை. என் மனைவியின் மனது மட்டும் மாறியது. முதல் வருடம் பெருமையாகப் பார்த்தார், இப்போது பார்ப்பதில்லை.

நான் கோயமுத்தூரில் பம்பு மோட்டாருக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைக்காரன். தொழில் வந்தால்தான் ஊர் பிழைக்கும் என்பது என் கட்சி. கட்சி என்றதும் கொடி, கரைவேட்டி என்று எண்ண வேண்டாம். வெறும் கருத்துதான். வாரம் ஒருமுறை நான் பேச, மைத்துனன் செந்தில் அதைப் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, வலையேற்றுவான்.

அப்படி ஒரு வாரம் எண்ணூரைப் பற்றிப் பேசினேன். அங்கே கழிமுகத்தை ஒட்டி ஒரு கம்பெனி புதிதாகக் குழாய் போட வருகிறது, ஊர் எதிர்க்கிறது. "பாக்டரி வாசலையே மிதிக்காதவர்கள்தான் இப்படி எதிர்ப்பார்கள்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது மேஜையை வேறு தட்டினேன். நாலாம் நாள் ஒரு புகைப்படம் வந்தது. டீக்கடைச் சுவரில் மாட்டிய கரும்பலகை. அதில் அச்சுக் கோத்தது போன்ற எழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

"கோயமுத்தூர் பெரியவருக்கு: பாக்டரி வாசலில்தான் நாங்கள் பல் விளக்குகிறோம். வந்து பாருங்கள். இந்தப் பலகையில் பாதி உங்களுக்கு. இப்படிக்கு, குணவதி, மீன் விற்கும் பெண்கள் சங்கம்."

எட்டு வருடத்தில் எதிர்க்கட்சி எனக்கு இடம் கொடுப்பது இதுவே முதல் தடவை. கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரல் வரை போகாதே, பெரம்பூரிலேயே இறங்கு என்று எல்லோரும் சொன்னார்கள். இறங்கினேன். ராயபுரத்துக்கு ஷேர் ஆட்டோ. ஏற்கெனவே ஏழு பேர் உட்கார்ந்திருந்த வண்டியில் ஓட்டுநர் எனக்கு இடம் காட்டினார். "ஒரு காலு உள்ள வை நைனா, இன்னொரு காலு வெளிய கெடக்கட்டும். அது இன்னா பண்ணப் போவுது?" எங்கள் ஊரில் டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே "வாங்க, இப்படி உக்காருங்க" என்பார். இங்கே என் இடதுகால் புளியந்தோப்பு முழுவதையும் வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தது.

ராயபுரத்தில் ஒரு லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு அத்தோ சாப்பிடப் போனேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சரக்கு. மஞ்சள் நூடுல்ஸில் முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாவற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். பிசைகிற கையை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். "இன்னா சார், கையி வேணாமா? கையில தான் சார் டேஸ்ட்டே கீது" என்றார். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அங்கிருந்து மெட்ரோவில் கடைசி நிறுத்தம் வரை போனேன். ஏசி, கண்ணாடி, அறிவிப்பு, எல்லாம் சிங்கப்பூர். படியிறங்கியதும் சிங்கப்பூர் முடிந்து போகிறது. பிறகு எண்ணூர் வரை கன்டெய்னர் லாரிகள்தான். மூக்கும் வாலும் ஒட்டி நிற்கின்றன. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துக் குழம்பு தாளிக்கிறார்கள். ஒருவர் துணியே துவைத்துக் காயப்போட்டிருந்தார். அப்படியென்றால் எத்தனை நேரமாக நிற்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குணவதி டீக்கடையில் காத்திருந்தார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கையில் காலி மீன்கூடை. கும்பிட்டு, "வணக்கமுங்க அம்மணி" என்றேன்.

"அம்மணின்னா இன்னா? திட்றியா நைனா?"

"மரியாதைங்க. எங்க பக்கம் பொம்பளைங்கள அப்படித்தான் கூப்பிடுவோம்."

"அப்ப சரி. குந்து. டீ துன்றியா, பன்னும் துன்றியா?"

டீயையும் இங்கே தின்பார்கள் போலிருக்கிறது என்று முதலில் பதறினேன். பிறகு பார்த்தால் பன்னை டீயில் தோய்த்துத் தின்கிறார்கள். கடைக்காரர் அந்தோணி அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தான் எந்தக் கட்சியும் இல்லை என்று கேட்காமலேயே சொன்னார். "ரெண்டு பக்கத்து ஆளுவளும் டீ குடிக்கணும்லா."

பலகை அவர் கடைச் சுவரில்தான் தொங்கியது. இந்தப் பக்கமெல்லாம் தெருமுனைக்குத் தெருமுனை இப்படிப் பலகை உண்டு. சங்கம், கட்சி, மன்றம் என்று ஆளுக்கொன்று. காலை ஆறு மணிக்கு எழுதினால், வேலைக்குப் போகிறவர்கள் டீ குடித்துக்கொண்டே படித்துவிட்டுப் போவார்கள். இந்தப் பலகையை முப்பது வருடமாக எழுதுகிறவர் குணவதி. பலகையோடு நின்றதா? தெருவில் யாருக்கு மனு வேண்டுமானாலும், பிள்ளைக்கு லீவு லெட்டர் வேண்டுமானாலும் அவர் கைதான்.

"நாளன்னிக்கு காலைல கல்யாண மண்டபத்துல கருத்துக் கேப்புக் கூட்டம்" என்றார். "கம்பெனிக்காரன் கோட்டு போட்டுக்கினு வருவான். சங்கத்து சார்பா நான் பேசறேன். ஆனா நான் ஒருத்தி பேசி ஆவாது. எங்காளுங்க ஒரே பக்கத்தயே கேட்டுக் கேட்டு சோம்பேறி ஆயிட்டாங்க. அவன் இன்னா சொல்வானோ அத்த நீ மொதல்ல சொல்லு. எதிர்த்துப் பேசிப் பழகட்டும்."

ஆக, என் வாதத்தால் இவர்கள் மனதை மாற்ற நான் வந்திருக்கிறேன். தன் ஆட்களுக்கு என்னை வைத்துப் பயிற்சி கொடுக்க அவர் கூப்பிட்டிருக்கிறார். மாட்டுக்கு ஊசி போடக் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் வாழைத்தண்டில் போட்டுப் பார்ப்பார்கள். வாழைத்தண்டு கோயமுத்தூரிலிருந்து ரயிலேறி வந்திருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சாக்கட்டியோடு நின்றேன். இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவருக்கு. கம்ப்யூட்டர் வந்த பிறகு நான் கையெழுத்துப் போடுவதோடு சரி. பலகையில் எழுதியதே இல்லை. என் வரிகள் மேலே நேராக ஆரம்பித்துக் கீழே சாக்கடைப் பக்கம் சரிந்தன. டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா நைனா, மருந்துக் கடைல குடுக்கணுமா இத்த?" என்றார். கடையே சிரித்தது.

அந்த நேரம் பார்த்துக் குணவதிக்கு ஃபோன். இன்றைக்குப் படகு தாமதமாகத்தான் வந்திருக்கிறது, காசிமேட்டில் ஏலம் இப்போதுதான் ஆரம்பம், உடனே வா என்று. அவருக்கு அவசரம். ஈரத்துணியால் என் கோணல்களை ஒரே இழுப்பில் துடைத்தார். "நீ வாயால சொல்லு, நான் எழுதறேன்."

சொன்னேன். தன் முத்துமுத்தான எழுத்தில் எழுதினார்: "தொழில் வந்தால் வேலை வரும். வேலை வந்தால் நம் பிள்ளைகள் துபாய்க்குப் போக வேண்டாம். குழாய் வந்தால் மீன் சாகும் என்பது பயம், ஆதாரம் அல்ல. வேலையும் நஷ்டஈடும் கேட்டு வாங்குவதே புத்தி." கீழே, இடம் போதாமல், பொடி எழுத்தில் என் பெயர்.

"என் பக்கத்த வந்து எழுதிக்கறேன்" என்று கூடையை எடுத்தார். நானும் தொற்றிக்கொண்டேன்.

காசிமேட்டு ஏலத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. அங்கே நின்ற முக்கால் மணி நேரமும் நான் எல்லோருக்கும் வழியில்தான் நின்றேன். "ஓரம் போ நைனா" என்று ஏழு பேர் சொன்னார்கள். எட்டாமவர் சொல்லவில்லை, ஐஸ் பெட்டியாலேயே இடித்தார். குணவதி இறாலும் காரப்பொடி மீனும் எடுத்தார். எட்டரை மணிக்குத் திரும்புகாலில் ஷேர் ஆட்டோ ஏறினோம். திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர்களுக்கு நடுவில் மாட்டினோம். முன்னே ஒரு லாரி, பின்னே ஒரு லாரி, பக்கத்தில் ஒரு லாரி. மடியில் மீன்கூடை.

சரி, நேரம் கிடைத்தது, மனதை மாற்றுவோம் என்று நான் ஆரம்பித்தேன். வளர்ச்சி, வேலைவாய்ப்பு, ஏற்றுமதி. அவர் இறால் மேல் ஐஸைச் சரிசெய்துகொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

"பாக்டரி வாணாம்னு நான் எப்ப சொன்னேன்? எங்க வூட்டுக்காரரே கம்பெனில கான்ட்ராக்டுல கெடந்தவருதான். இருக்கறது இருக்கட்டும். ஆனா அந்த ஆத்துல இன்னொரு கொழாய்க்கு எடமில்ல நைனா. எங்கம்மா இடுப்புத் தண்ணில குந்திக்கினு கையால தடவித் தடவி எறா புடிச்சாங்க. நானும் புடிச்சேன். இப்ப கைய உட்டா சாம்பலுதான் வருது. தண்ணி சுடுது. சரி, அத்த உடு. உங்க ஊர்ல ஆறு கீதா?"

"இருக்குங்க. நொய்யல்."

"அதுல இன்னா புடிப்பீங்க?"

பக்கத்து லாரி டிரைவர் அடியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தேன். குணவதி திரும்பவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எட்டு வருடத்தில் எத்தனையோ பேர் என்னோடு கத்தியிருக்கிறார்கள், கத்தினால் நானும் கத்துவேன். இந்த அம்மாள் சாதாரணமாக ஊரை விசாரித்தார். அதற்குக் கத்த முடியுமா?

பதினொரு மணிக்கு எண்ணூரில் இறங்கினால் டீக்கடை முன்னால் கூட்டம். சங்கத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். முன்னால் செல்வி. தனக்கு வலதுகை போன்றவர் என்று குணவதி முதல் நாளே சொல்லியிருந்தார்.

"இன்னா குணாக்கா, எப்ப கட்சி மாறுன?"

"அடிப்பாவி, அது நைனாவோடதுடி! கீய பேரு போட்டுகீது பாரு!"

"பேர எவன் வோணா போடுவான். கையி யாருது?"

எனக்கு முதலில் புரியவில்லை. அந்தோணி அண்ணாச்சி காதருகே சொன்னார். நாலு வருடத்துக்கு முன்னால் ஒருத்தன் பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொய்ப் புகார் எழுதித் தரச் சொல்லி இந்த அம்மாளிடம் வந்தானாம். "என் மனசு ஒப்பாதத என் கையி எழுதாது" என்று எல்லார் முன்னாலும் தாளைத் திருப்பிக் கொடுத்தாராம். அன்றிலிருந்து தெருவில் அதுதான் சட்டம். குணவதி கையில் எழுதியிருந்தால் அது குணவதி சொன்னது. அதிகாரிகள்கூட அந்த எழுத்தைப் பார்த்துத்தான் மனுவை வாங்குவார்கள் என்றார் அண்ணாச்சி. குணவதி போட்ட சட்டத்தில் அவரே போய் மாட்டியிருந்தார். ஏலத்துக்குப் போகிற அவசரத்தில், என் கோணல் எழுத்தைச் சகிக்காமல்.

காலையில் நான் எழுதியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்தார்களே என்று கேட்பீர்கள். அவர்களெல்லாம் ஷிப்ட்டுக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சி இருந்தார். ஆனால் அவர் எந்தக் கட்சியும் இல்லை.

"எவ்ளோ வாங்குன?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. குணவதி திரும்பி அந்தக் குரலைத் தேடினார். முகம் சுண்டிவிட்டது. வலப்பக்கம் காலியாகவே கிடந்தது. அவர் அதில் எழுதவில்லை. "இனிமே எழுதுனா யாரு நம்புவாங்க?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஊடகக்காரன் சும்மா இருப்பானா? உடனே பலகை முன்னால் நின்று ஒரு விளக்க வீடியோ எடுத்தேன். கருத்து என்னுடையது, அவர் எழுதி மட்டும்தான் கொடுத்தார் என்று தெளிவாகப் பேசி, பலகையின் படத்தையும் சேர்த்துச் செந்திலுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் செந்தில் ஏற்றிவிட்டான். தலைப்பு: "எண்ணூர் எதிர்ப்பாளர் மனம் மாறினார்!" என் பேச்சை வெட்டிவிட்டுப் பலகையை மட்டும் பெரிதாகக் காட்டியிருந்தான்.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"மாமா, விளக்கம்னு போட்டா எவனுங்க பார்ப்பான்? எட்டு வருசத்துல மொதோ விக்கெட்டுங்க மாமா! பிச்சுக்கிட்டுப் போகுது!"

மறைப்பானேன், பத்து நிமிடம் நானும் அந்த எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சாதிச்சிட்டீங்க ஐயா" என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. அழிக்கச் சொன்னேன். செந்தில் முணுமுணுத்துக்கொண்டே அழித்தான். அதற்குள் அது எண்ணூர் ஃபோன்களுக்கெல்லாம் வந்து சேர்ந்திருந்தது.

சாயங்காலம் சங்கம் கூடி முடிவெடுத்துவிட்டது. நாளைக்குக் குணவதி பேசக் கூடாது. அவருக்குப் பதிலாகச் செல்வி பேசுவார். செல்வியே டீக்கடைக்கு வந்து என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்திலும் ரத்தமில்லை. "எனக்கு மைக்க பாத்தாலே பயமா கீது நைனா. ஆனா இன்னா பண்றது? நீ வந்து ஒரே பேஜாரா பூடுச்சு." உண்மைதானே.

குணவதி வீட்டு வாசல் வரை போனேன். கதவு திறந்துதான் இருந்தது. "கைய கழுவு நைனா, சோறு போடறேன்" என்றார். இறால் தொக்கு. அவமானப்படுத்தியவனுக்கு யாராவது இறால் தொக்கு போடுவார்களா? போட்டார். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இறங்கியது, அவ்வளவு ருசி. அதுவும் வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் கடைக்குப் போனேன். அண்ணாச்சி பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். சாக்கட்டி கேட்டேன். எந்தக் கட்சியும் இல்லாதவர் சத்தமில்லாமல் ஒரு பெட்டியையே எடுத்துக் கொடுத்தார்.

பலகை முழுவதையும் துடைத்தேன். இடப்பக்கம் நேற்றைய அதே வரிகளை என் கையால் எழுதினேன். ஓடுகிற பஸ்ஸில் எழுதினதுபோல் வந்தது. அதுதான் வேண்டும். இந்தக் கோணலைப் பார்த்தால், அந்த அம்மாள் ஏன் துடைத்துவிட்டு எழுதினார் என்று யாருக்கும் விளங்கும். வலப்பக்கம் அவர் எழுதாமல் விட்ட பதில். ஷேர் ஆட்டோவில் சொன்னதையெல்லாம் எழுதினேன். இருக்கிற பாக்டரி இருக்கட்டும், ஆற்றில் இன்னொரு குழாய்க்கு இடமில்லை, கையை விட்டால் சாம்பல் வருகிறது. எழுதி முடித்த பிறகும் கீழே நாலு விரற்கடை இடம் மிச்சமிருந்தது. கை தானாகவே போயிற்று:

"எங்கள் ஊரிலும் ஓர் ஆறு. சிறுவயதில் நான் அதில் குளித்திருக்கிறேன். இப்போது பாலம் தாண்டும்போது கார் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறேன்."

இதைக் குணவதி சொல்லவில்லை. நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஏழு மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. குணவதி எழுத்தென்றால் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றே படித்துவிடுவார்கள். என் எழுத்துக்கு மூக்கு பலகையில் முட்டும்வரை வர வேண்டியிருந்தது. ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்னொருவர் "தே, அது ஆதாரமில்ல, ஆகாரம்" என்றார். மூன்றாமவர் இரண்டுமில்லை என்றார். இதற்குள் இடப்பக்க வாதத்தை நாலு தடவை படித்து, நாலு தடவையும் அதைத் திட்டி, பதிலும் சொல்லிவிட்டார்கள். வலப்பக்கக் கடைசி வரியை மட்டும் யாரும் திட்டவில்லை. செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது உன் கையா நைனா?"

"என் கைதானுங்க."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

"அப்ப நேத்து இருந்ததும் நைனா பேச்சுதான். இன்னாத்துக்குடி குணாக்காவ பேசின நீ?" என்று செல்வி பின்னால் திரும்பி அந்த "எவ்ளோ வாங்குன" குரலைப் பிடித்துக்கொண்டார். முந்தைய நாள் அவரே முன்னால் நின்று கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அப்புறம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு குணவதி வீட்டுக்கு ஓடினார். எனக்கென்னவோ அந்த ஓட்டத்தில் நியாயம் பாதி, மைக் பயம் பாதி என்று தோன்றியது.

பத்து மணிக்குக் கல்யாண மண்டபம். மேடையில் முந்தைய கல்யாணத்தின் பூத்தோரணம் வாடித் தொங்க, அதற்குக் கீழே அதிகாரிகள். கம்பெனிக்காரர் கோட்டுதான் போட்டிருந்தார். மைக்கைப் பிடித்து, "தொழில் வந்தால் வேலை வரும்" என்று ஆரம்பித்தார்.

"வேல வந்தா புள்ளிங்க துபாய்க்குப் போவ வாணாம்!" என்று பின்வரிசை முடித்து வைத்தது.

அவர் திடுக்கிட்டு, "மீன் சாகும் என்பது வெறும்..." என்றார்.

"பயம்! ஆதாரமில்ல! அத்தத்தான் நைனா நேத்தே எழுதிட்டாரே, வேற எதுனா சொல்லு!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. எட்டு வருடம் நான் அழகு பார்த்த வாதங்களெல்லாம் கோட்டு சூட்டோடு மேடையில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தன. நானும் சிரித்தேன். அடுத்துக் குணவதி எழுந்தார். கத்தவில்லை. என்னிடம் ஆட்டோவில் பேசிய அதே குரலில் பேசினார். கடைசியில் கம்பெனிக்காரரைப் பார்த்து, "சார், உங்க ஊர்ல ஆறு கீதா?" என்றார். அவர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். அதிகாரி குறித்துக்கொண்டார். என்ன குறித்துக்கொண்டார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தேன். செந்தில் ஃபோன் மேல் ஃபோன். யாரோ பலகையைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"மாமா, நீங்க கட்சி மாறிட்டீங்கன்னு நம்ம ஆளுங்க கத்தறாங்க. இது உங்க எழுத்தே இல்லீன்னு சொல்லிப் போட்டுடட்டுங்களா?"

"அந்த எழுத்து வேற யாருக்குடா வரும்?" என்று வைத்துவிட்டேன்.

குணவதி ஈரத்துணியோடு வந்து நின்றார். "உங்காளுங்க உன்ன காய்ச்சி எடுக்கறாங்களாமே. செல்வி ஃபோன்ல காட்டுச்சு. எங்க வேலதான் முட்ஞ்சுச்சே, அழிச்சிட்டுப் போ நைனா. உன் பேரு எதுக்குக் கெடணும்?"

துணியை வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனேன். தொழில் வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஊருக்குப் போனால் திங்கட்கிழமை பட்டறையைத் திறப்பேன். இடப்பக்கத்தைத் துடைத்தேன். வலப்பக்கம் கடைசி வரி வரை கை வந்து நின்றது.

துணியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாக்கட்டியை எடுத்தேன். 'ஆறு' என்பதில் ஓர் எழுத்து சரிந்து கிடந்தது. அதை மட்டும் நேராக்கிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.